ஸ்டுடியோ ஹெட்போனில் பாட்டு கேட்கலாமா?

கேள்வி: ஒலிப்பதிவுக் கூடங்களில் பயன்படுவது என்று கடைக்காரர் சொன்னதால் சோனி எம்.டி.ஆர்-7506 ஹெட்போனை வாங்கினேன். எல்லாம் தெளிவாகக் கேட்கிறது; ஆனால் 'ச', 'ஸ' ஒலிகள் காதைக் குத்துவதால் அரை மணி நேரத்துக்கு மேல் கேட்க முடியவில்லை. பாடலைப் பதிவு செய்தவர்கள் கேட்டதைத்தானே நானும் கேட்கிறேன்? குறை காதிலா, கருவியிலா?
– வாசகர், கோவை

பதில்: இரண்டிலும் குறை இல்லை. 1991-இல் வெளிவந்து இன்றும் விற்பனையாகும் இந்த ஹெட்போன், உச்சஸ்தாயி ஒலிகளைச் சற்றுத் தூக்கிக் காட்டும் இயல்புடையது. மூச்சிரைப்பு, உதட்டுச் சத்தம், வெட்டி ஒட்டிய இடத்தில் எழும் 'டிக்' ஆகியவற்றைப் பிடிக்க வேண்டிய ஒலிப்பொறியாளருக்கு அந்த இயல்பு பெரிய உதவி. ரசிப்பதற்காகக் கேட்பவருக்கு அதுவே களைப்பைத் தருகிறது.

ஸ்டுடியோவில் ஹெட்போனின் முதல் வேலை, பாடகரின் காதுக்கும் மைக்குக்கும் இடையே சுவராக நிற்பதுதான். முன்பே பதிவான இசையும் தாளத்துக்கான க்ளிக் ஒலியும் பாடுபவருக்குக் கேட்க வேண்டும்; மைக்கில் ஏறிவிடக் கூடாது. மெல்லிய பாடலின் இடைவெளியில் ஒருமுறை கசிந்து பதிவான க்ளிக்கைக் குரலுக்குச் சேதமின்றி நீக்குவது மிகக் கடினம். ஆகவேதான் அங்கே பின்புறம் மூடிய வகையைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

குரலும் வாத்தியங்களும் எந்த அளவில் ஒலிக்க வேண்டும் என்ற முடிவைப் பெரும்பாலும் ஸ்பீக்கரில் கேட்டே எடுப்பார்கள். இடப்பக்க ஸ்பீக்கரின் ஒலி கணநேரம் பிந்தி வலக்காதையும் எட்டுகிறது; ஹெட்போனில் அந்தக் கலப்பு இல்லாததால், இரு பக்கங்களும் இயல்புக்கு மீறி விலகித் தோன்றுகின்றன. அடித்தாளத்தை உடம்பால் உணர்வதும் அதில் இல்லை. ஆகவே, பதிவு செய்தவர்கள் கேட்டதையே நீங்களும் கேட்கிறீர்கள் என்று கொள்வதற்கில்லை.

வீட்டில் நெடுநேரம் கேட்க, பின்புறம் திறந்த வகையே என் பரிந்துரை. அதில் ஒலி விரிந்து, காற்றோட்டத்துடன் கேட்கும். 1997-இல் வந்த சென்ஹைசர் எச்.டி 600 அவ்வகையில் இசை ரசிகர்களும் ஒலிப்பொறியாளர்களும் ஒருசேர மதிப்பது. ஆனால் அதன் மின்தடை 300 ஓம் என்பதால், கைபேசியில் நேரடியாகச் செருகினால் போதிய சத்தம் வராமல் போகலாம். சிறிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் சேர்த்து வாங்க நேரிடும். பக்கத்தில் படிப்பவருக்கோ உறங்குபவருக்கோ பாட்டு கேட்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பணம் செலவிடும் முன், கைபேசியின் ஈக்வலைசரில் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) 6 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை 3 டெசிபெல் குறைத்து, ஒலியளவையும் தணித்து ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள். குத்தல் அடங்கிவிட்டால், கையில் இருப்பதே போதும்.