தொழிலும் நீங்களும்: சத்தமின்றிச் செய்த வேலைக்குச் சாட்சி யார்?

கேள்வி: நிலாவெளியிலுள்ள கடற்கரை ஹொட்டேல் ஒன்றின் களஞ்சியத்தில் எட்டு வருடங்களாக வேலை செய்கிறேன். வரும் பொருள்களைப் பொறுப்பேற்பதும், சமையலறைக்கு வழங்குவதும், இருப்புக் கணக்கு எழுதுவதும் என் கடமை. என் காலத்தில் பொருளில்லாமல் சமையலறை ஒரு நாளும் நின்றதில்லை. ஆனால் கடந்த பெப்ரவரியில் களஞ்சிய மேற்பார்வையாளர் பதவியை, இரண்டு வருடங்களுக்கு முன் வந்த, ஆங்கிலத்தில் சரளமாகப் பேசும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பெந்தோட்டையிலிருந்து வந்த புதிய முகாமையாளருக்கு நான் என்ன செய்கிறேன் என்பதே தெரியாது. பிழை எதையாவது கண்டால் யாரிடமும் சொல்லாமல் நானே சரிசெய்துவிடுவது என் பழக்கம். “நிறைகுடம் தளம்பாது” என்று அம்மா சொல்லுவார். தளம்பினால்தான் மதிப்புக் கிடைக்குமா? வேலையை விட்டுவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.
– பெயர் வேண்டாம், சாம்பல்தீவு

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் நீங்கள் பெருமையோடு எழுதியிருக்கும் ஒரு வரிதான் என்னைத் தடுத்து நிறுத்தியது. பிழையைக் கண்டால் யாரிடமும் சொல்லாமல் சரிசெய்துவிடுவதாகச் சொல்லுகிறீர்கள். அறக்குளா 50 கிலோ என்று பட்டியலில் எழுதி வந்த பெட்டி உங்கள் தராசில் 47 கிலோ காட்டியது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் மீன் கொண்டு வந்தவரோடு பேசி, குறைந்த மூன்று கிலோவையும் வாங்கிவிடுகிறீர்கள். ஹொட்டேலுக்கு இலாபம்தான். ஆனால் இடாப்பில் 50 கிலோ என்று மட்டும் பதிவாகிறபடியால், உங்கள் இடத்தில் தராசையே பார்க்காமல் கையெழுத்து வைக்கும் ஒருவர் இருந்தாலும் அன்றைய பதிவு இதே மாதிரித்தான் இருந்திருக்கும். நடக்காமல் தடுக்கப்பட்ட நட்டம் எந்தக் கணக்கிலும் தானாக ஏறுவதில்லை; அதைத் தடுத்தவர்தான் எழுதி வைக்க வேண்டும். நிறைகுடம் தளம்பாது என்பது உண்மைதான். ஆனால் தளம்பாத குடத்தில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பது எட்டிப் பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும், புதிதாக வந்த முகாமையாளருக்கோ எட்டிப் பார்க்க நேரமில்லை.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். உள்துறைமுக வீதிப் பக்கத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தபோது, காய்ச்சலில் இரண்டு வாரம் படுத்துவிட்டேன். நான் இல்லாமல் எல்லாம் நின்றுபோயிருக்கும் என்று உள்ளூர ஒரு நப்பாசையோடு திரும்பினால், எதுவும் நிற்கவில்லை. கோப்புகளை அவ்வளவு ஒழுங்காக வைத்துவிட்டுப் போயிருந்தேன். அந்த ஒழுங்கைப் பார்த்த என் மேலதிகாரி, இந்த வேலைக்குத் தனியாக ஓர் ஆள் தேவையா என்று கேட்டார். பக்கத்து மேசைக்காரரோ சாவியையும் கணக்கையும் தம் தலைக்குள்ளேயே வைத்திருந்தவர்; அவர் ஒரு நாள் வராவிட்டால் அலுவலகமே தடுமாறும், அதனால் அவரே இன்றியமையாதவராகத் தெரிந்தார். அவரைப் பின்பற்றச் சொல்லமாட்டேன். ஒழுங்கைக் கட்டியவர் யார் என்பது எழுத்தில் இருந்திருந்தால் என்னிடம் அந்தக் கேள்வி வந்திருக்காது என்பதற்காகவே இதைச் சொல்லுகிறேன்.

ஆகவே இன்றே ஒரு கொப்பியை எடுங்கள். நீங்கள் தடுத்தது, மிச்சம் பிடித்தது, மாற்றியது ஆகியவற்றைத் திகதி, அளவு, ரூபாய் என்ற மூன்றோடு மட்டும் எழுதுங்கள், பெயரடைகள் வேண்டாம். தம்புள்ளையிலிருந்து வரும் மரக்கறியில் வாரத்துக்கு 12 கிலோ பழுதாகி வீசப்பட்டு வந்தது என்றும், பழையதை முன்னுக்கும் புதியதைப் பின்னுக்கும் அடுக்கி, வாரத்தில் ஒரு தடவை வாங்கியதை இரண்டு தடவையாகப் பிரித்த பின் அது 5 கிலோவாகக் குறைந்தது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கிலோ 350 ரூபாய் என்று பார்த்தால், 7 கிலோவுக்கு வாரத்தில் 2,450 ரூபாய். 20 வாரப் பருவத்துக்கு 49,000 ரூபாய். “நான் கவனமாக வேலை செய்கிறேன்” என்பதை யாரும் சொல்லலாம், யாரும் மறுக்கலாம். இந்தக் கணக்கோடு வாதாடுவதென்றால் முகாமையாளர் களஞ்சியத்துக்குள் வந்து நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கும், அதுவும் உங்களுக்கு நல்லதுதான். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: மாற்றத்துக்கு முன்னிருந்த அளவையும் எழுதி வையுங்கள். முன்னைய கணக்கு இல்லாமல் பின்னைய கணக்குக்குப் பொருளில்லை. பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

கொப்பி உங்களுக்கு; முகாமையாளருக்கு அதிலிருந்து திங்கள்தோறும் அரைத் தாள் போதும். அதில் உங்களைப் பற்றி எழுத வேண்டாம், அவருக்கு உதவுவதை எழுதுங்கள். பெந்தோட்டையில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை பருவம். நமக்கோ வாடைக் காற்றும் மழையும் ஓய்ந்து, சித்திரைப் புத்தாண்டு கழிந்து, மே முதல் செப்டெம்பர் வரைதான் அறைகள் நிரம்பும். அவர் கையில் இருக்கும் நாட்காட்டி நம்முடையதற்கு நேர்மாறானது. போயா தினம் வெள்ளியிலோ திங்களிலோ விழும் வாரங்களில் கொழும்பிலிருந்து எத்தனை குடும்பங்கள் வருகின்றன, ஆகஸ்டில் வெளிநாட்டிலிருந்து வரும் நம்மவர்கள் எதை அதிகம் கேட்கிறார்கள் என்பதெல்லாம் உங்கள் எட்டு வருட இடாப்புகளில் கிடக்கின்றன. “அடுத்த போயா வாரத்துக்கு நண்டும் இறாலும் வழமையைவிட இவ்வளவு கூடுதலாகத் தேவைப்படலாம், சென்ற மூன்று வருட வழங்கல் கணக்கு இணைக்கப்பட்டுள்ளது” என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். வெக்கையான கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் டீப் ப்ரீசர் திணறும் என்பதும் தென்கரையிலிருந்து வந்தவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. வெப்பநிலையைக் காலையும் மாலையும் குறித்து, மறை 18 பாகை செல்சியஸில் அது நிற்காத முதல் நாளிலேயே தாளில் தெரிவித்துவிட்டால், இறால் பழுதான பிறகு நடக்கும் விசாரணைக்கு இடமிருக்காது.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மேற்பார்வையாளர் என்பவர் வழங்குநர்களோடும் தலைமை அலுவலகத்தோடும் பேச வேண்டியவர். அந்தப் பதவிக்கு மொழி ஓர் அலங்காரமல்ல. சிங்களமோ ஆங்கிலமோ உங்களுக்குத் தடையாக இருந்தால், அந்தக் குறையை உங்கள் கணக்குக் கொப்பி மறைக்காது. தம்புள்ளை லொறிக்காரரோடு சிங்களத்தில் விலை பேசும் அளவுக்காவது பழகிக்கொள்ளுங்கள்.

வேலையை விடுவதைப் பற்றி: 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடமானால், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடம் பூர்த்தி செய்த மாதச் சம்பள ஊழியருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாக உண்டு. உங்களுக்கு அது நான்கு மாதச் சம்பளம். அதை மனதில் வைத்துக்கொண்டு, ஒரு பருவம் முழுவதும் எழுதிய கொப்பியோடு, மழை ஓய்ந்து முகாமையாளர் அடுத்த பருவத்துக்கு ஆட்களை ஒழுங்கு செய்யும் காலத்தில் சென்று பேசுங்கள். அப்போதும் அவர் அதைப் புரட்டிப் பார்க்காவிட்டால், அதே கொப்பி உப்புவெளியிலோ நகரத்திலோ இன்னொரு நேர்முகத் தேர்வில் உங்களுக்குப் பயன்படும். வழங்குநரின் விலைகளையும் ஹொட்டேலின் உள்விவரங்களையும் மட்டும் அங்கே காட்டக்கூடாது.

கேள்வி: திருகோணமலை நகரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் தகுதிகாண் காலத்தில் இருக்கிறேன். என் அர்ப்பணிப்பைக் காட்டுவதற்காக ஒவ்வொரு நாளும் இரவு எட்டு மணிவரை இருக்கிறேன். யாரும் கண்டுகொள்வதாகத் தெரியவில்லை.
– வாசகர், கிண்ணியா

பதில்: தம்பி, 2009இல் பாலம் திறக்கப்படுவதற்கு முன், கிண்ணியாவிலிருந்து பாதைப் படகுக்குக் காத்திருந்து நேரத்துக்கு வேலைக்கு வந்து சேர்வதே ஒரு சாதனையாக இருந்தது. இன்று நேரத்தை மட்டும் வைத்து யாரையும் வியக்க வைக்க முடியாது. இரவு எட்டு மணிக்கு விளக்கு எரிவதைப் பார்ப்பவர், இவருக்கு வேலை கூட என்றும் நினைக்கலாம், இவருக்கு வேலை ஓடுவதில்லை என்றும் நினைக்கலாம். மாதாந்த வங்கிக் கணக்கிணக்கக் கூற்றை (நிறுவனத்தின் ஏட்டையும் வங்கியின் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பதை) நீங்கள் வருமுன் 12ஆம் திகதி முடித்தார்களானால், அதை 5ஆம் திகதிக்குக் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். பொருத்தம் காணாமல் கிடக்கும் பழைய காசோலைகள் எத்தனை, அவற்றில் எத்தனையைத் தீர்த்தீர்கள் என்பதும் காட்டக்கூடிய விளைவு. தகுதிகாண் காலம் முடிவதற்கு ஒரு மாதம் இருக்கும்போதே, எந்த அடிப்படையில் உங்களை மதிப்பிடுகிறார்கள் என்று பணிவாகக் கேட்டுவிடுங்கள்; கடைசி நாளில் கேட்டால் திருத்திக்கொள்ள நாளிருக்காது.

இன்னொன்று. கடை, காரியாலய ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி வழமையான வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் செய்யும் வேலைக்கு ஒன்றரை மடங்கு கொடுப்பனவு உண்டு. கேட்காமலே இலவசமாகக் கொடுத்துப் பழக்கிய மணித்தியாலங்கள், உங்களுக்குப் பின் வருபவருக்கும் சேர்த்தே வழக்கமாகிவிடும்.

கேள்வி: அரிசி ஆலையில் நெல் கொள்வனவுக் கணக்கை நான்தான் தயாரிக்கிறேன். மேற்பார்வையாளர் அதைத் தம் வேலையாக முதலாளியிடம் கொடுக்கிறார். என்ன செய்வது?
– வாசகர், மூதூர்

பதில்: சண்டை வேண்டாம். கணக்குத் தாளின் அடியில் “தயாரித்தவர்”, “சரிபார்த்தவர்” என்று இரண்டு வரிகளை அச்சிட்டு விடுங்கள். கணக்குத் துறையில் இது வழமையான முறையாகையால் அவர் மறுப்பதற்குக் காரணம் கிடைக்காது. முதலாளி ஆலைக்கு வரும் நாளில், ஈரப்பதன் 14 சதவீதத்தைத் தாண்டிய நெல் எந்த லொறியில் வந்தது, அதற்கு விலையில் எவ்வளவு கழித்தோம் என்று கேட்பார். அந்த நேரம் தராசுக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.