அறுபத்துநான்கு கட்டங்கள் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். நீங்கள் கணினி படித்த நாட்களைப் பற்றி எழுதிய கட்டுரையில், "கறுப்பு வெள்ளைத் திரையில் புள்ளி புள்ளியாக ஒரு பின்னணி" என்று போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது. நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

1996இல் கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு டிடிபி கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், மாங்கூழ்க் கம்பெனி லேபிள் எல்லாம் அடிப்போம். விண்டோஸ் 3.1, கறுப்பு வெள்ளை மானிட்டர். வேலை இல்லாத மத்தியானங்களில் கன்ட்ரோல் பேனலுக்குள் போய்ப் பின்னணி டிசைனை மாற்றி மாற்றிப் பார்ப்பேன். சின்னக் கட்டத்துக்குள் புள்ளிகளால் வரைந்த ஒரு உருவம், திரை முழுக்க அடுக்கடுக்காக நிறைந்திருக்கும். வைரம், துலிப் பூ, நாய்க்குட்டி என்று நிறைய இருக்கும். ஒருநாள் நானே கட்டத்துக்குள் புள்ளி வைத்து ஒரு கிளிமூக்கு மாங்காய் வரைந்தேன். திரை முழுக்க மாங்காய். முதலாளி பார்த்துவிட்டு, "நல்லாருக்கே, இருக்கட்டும்" என்றார். இரண்டு வருடம் அப்படியே இருந்தது.

இதை இன்ஜினியரிங் படிக்கும் என் மகளிடம் சொன்னேன். அவள் இணையத்தில் தேடி ஒரு படம் காட்டினாள் (இணைத்திருக்கிறேன்). அழுக்குத் துணி மாதிரி சாம்பலாக இருந்தது. "இதுக்காம்மா இவ்வளவு ஏக்கம்? உனக்கு அப்ப இருபது வயசு, அதான் எல்லாமே அழகா இருந்திருக்கு" என்கிறாள். அவள் சொல்வது சரிதானா அண்ணா? எனக்கு அது கோலம் மாதிரி இருந்தது. அந்த மாங்காயை எப்படி வரைந்தேன் என்பது இப்போது ஞாபகம் இல்லை.

செ., காவேரிப்பட்டணம்

அன்புள்ள செ.,

உங்கள் மகள் பார்த்தது அந்த டிசைனே அல்ல. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். யாரோ ஒரு பழைய திரையைப் படமெடுத்து, சிறிதாக்கி, ஜேபெக்காகச் சேமித்திருக்கிறார்கள். ஜேபெக் முறை எந்தப் படத்தையும் எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட துண்டுகளாக வெட்டிக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு துண்டிலும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கமான மாற்றங்களைக் குறைத்துவிடும். வானத்துக்கும் முகத்துக்கும் அதனால் பெரிய நஷ்டம் இல்லை. நம் டிசைனில் இருப்பதோ நுணுக்கமான மாற்றம் மட்டும்தான்: கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. அதைக் கழித்தால் மிச்சம் சாம்பல். போதாததற்கு, பழைய திரையை போன் அகலத்துக்கு ஏற்றபடி சுருக்கும்போது புள்ளிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கின்றன, படத்தில் அலை அலையாகக் கோடு ஓடுகிறது. அழுக்குத் துணி என்று அவள் சொன்னது அந்தப் படத்தைப் பொறுத்தவரை சரிதான்.

அசலில் சாம்பல் என்ற நிறமே கிடையாது. 1984இல் ஆப்பிள் கொண்டுவந்த முதல் மெக்கின்டாஷ் கணினியின் திரை 512க்கு 342 புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. மொத்த நினைவகம் 128 கேபி. திரையில் தெரிவதை வைத்துக்கொள்ள மட்டுமே அதில் 21,888 பைட் போய்விடும். இடைப்பட்ட நிறங்களுக்கு அதில் இடம் ஏது? ஆனாலும் அதில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் டெஸ்க்டாப் சாம்பல் நிறம் என்றுதான் சொல்வார்கள். சதுரங்கப் பலகை போல ஒன்றுவிட்டு ஒன்று கறுப்பும் வெள்ளையும் வைத்தார்கள், கண் அதைக் கலந்துகொண்டது. முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் புள்ளிகள் பிரிந்துவிடும், நகர்ந்தால் மறுபடியும் சேர்ந்துவிடும். தூரத்தில் ஒன்று, கிட்டத்தில் வேறொன்று. நீங்களும் அந்த மத்தியானங்களில் இதைச் செய்து பார்த்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன்.

இப்போது உங்கள் நாய்க்குட்டிக்கு வருகிறேன். அதன் பெயர் ஸ்காட்டி. விண்டோஸ் 3.1இல் இந்த டிசைன்கள் எல்லாம் கன்ட்ரோல்.ஐஎன்ஐ என்ற கோப்பில் இருந்தன. நோட்பேடிலேயே திறந்து பார்க்கலாம். ஒரு பெயர், எதிரே எட்டு எண்கள், அவ்வளவுதான் ஒரு டிசைன். ஸ்காட்டியின் எண்கள் 64, 192, 200, 120, 120, 72, 0, 0.

உங்கள் மகளை ஒரு கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுக்கச் சொல்லுங்கள். எட்டு வரிசை, வரிசைக்கு எட்டுக் கட்டம். கட்டங்களுக்கு இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு. முதல் வரிசை 64, அதாவது இரண்டாவது கட்டத்தில் மட்டும் ஒரு புள்ளி. அது காது. அடுத்தது 192, 128ம் 64ம் சேர்ந்தது. முதல் இரண்டு கட்டம், மூக்கும் தலையும். மூன்றாவது 200: அதே இரண்டு கட்டத்தோடு, தள்ளி ஐந்தாவது கட்டத்தில் தனியாக ஒன்று. அந்தத் தனிப் புள்ளிதான் தூக்கிய வால். அப்புறம் 120 இரண்டு முறை, நான்கு நான்கு புள்ளியாக உடம்பு. 72 என்பது இரண்டாவதும் ஐந்தாவதும், கால்கள். கீழே இரண்டு வரிசை காலி.

மொத்தமே பதினாறு புள்ளிதான். ஆனால் நாய் காதை விறைத்துக்கொண்டு நிற்கிறது! அந்தக் காலி வரிசைகளையும் வலப்பக்கம் விட்டிருக்கும் மூன்று கட்டத்தையும் பாருங்கள். அடுத்த நாயின் காது இதன் காலில் இடிக்காமல், அடுத்த நாயின் மூக்கு இதன் வாலில் ஒட்டாமல் இருக்கத்தான் அந்த இடம். வரைந்தவர் ஒரு நாயை மட்டும் நினைத்து வரையவில்லை, சுற்றி நிற்கப்போகிற நாய்களையும் சேர்த்து நினைத்திருக்கிறார்.

இதை எனக்குப் புரியவைத்தது கணினி மையம் அல்ல, என் அம்மா. 1995இல் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மாடியில் படித்தேன். (அப்போது உங்கள் கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டம்தான், 2004இல்தான் பிரித்தார்கள்.) செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டும். ஒரு மெஷினுக்கு இரண்டு பேர், ஆளுக்கு அரை மணி நேரம். டிபேஸ், லோட்டஸ் என்ற அன்றைய மென்பொருள்களைச் சொல்லித்தந்தார்கள், தேர்வும் எழுதினேன். ஆனால் அந்தப் பெட்டிக்குள் முழுசாக என் கைக்கு அடங்கியது அந்த அறுபத்துநான்கு கட்டம்தான். எடிட் பேட்டர்ன் என்று அழுத்தினால் கட்டம் பெரிதாகத் திறக்கும். கட்டத்தில் மவுஸை அழுத்தினால் புள்ளி வரும், இன்னொரு முறை அழுத்தினால் போகும். பக்கத்திலேயே ஒரு சின்னப் பெட்டியில் அது அடுக்கடுக்காக நிறைந்தால் எப்படி இருக்கும் என்று உடனுக்குடன் தெரியும். யாரையும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை.

வீட்டில் நோட்டில் வரைந்து பார்த்துவிட்டுப் போவேன். அம்மா அப்போது வயர் கூடை பின்னி விற்றுக்கொண்டிருந்தார். சாதா முடிச்சு, சிவன் கண், நெல்லிக்காய் என்று எல்லாம் போடுவார். ஒருநாள் பச்சையும் வெள்ளையுமாக ஒரு கூடையைப் பின்னிக்கொண்டே என் நோட்டை எட்டிப் பார்த்தார். நான் ஒரு சாய்ந்த கட்டம் வரைந்திருந்தேன். "இது சுத்தி வந்து சேருமா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. அவரே கூடையைத் திருப்பிக் காட்டினார். ஒரு டிசைனுக்கு எட்டு முடிச்சு என்றால், கூடையின் சுற்றளவு எட்டின் மடங்காக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுற்றி வந்து சேருகிற இடத்தில் வைரம் பாதியில் வெட்டுப்படும், கடைக்காரர் விலையைக் குறைப்பார். அதனால் அம்மா அடியைப் போடும்போதே கூடை முழுவதையும் எண்ணிவிடுவார். நான் என் நோட்டைப் பார்த்தேன். வலது ஓரத்தில் வெளியேறுகிற கோடு இடது ஓரத்தில் அதே வரிசையில் நுழைய வேண்டும், கீழே போனது மேலே வர வேண்டும். என் கட்டம் சேரவில்லை. இரண்டு புள்ளியை நகர்த்தினேன், சேர்ந்தது. அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மையத்துத் திரை 640க்கு 480 புள்ளி: 640ஐ எட்டால் வகுத்தால் 80, 480ஐ வகுத்தால் 60. ஓரத்தில் எதுவும் வெட்டுப்படாமல் திரை முழுவதும் 4,800 தடவை. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போதும் அப்படியே உணர முடிகிறது. மறுநாள் மையத்தின் பொறுப்பாளர் அதை அழித்துப் பழையபடி வைத்துவிட்டார். எட்டு எண்ணும் நோட்டில் இருந்ததால் திரும்பப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அதனால்தான், கோலம் என்று நீங்கள் எழுதியதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. கோலத்துக்கும் கணினிக்கும் நெருங்கிய உறவு உண்டு. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களை இலக்கண விதிகளால் உருவாக்குவது பற்றி 1974இலேயே ஆய்வுக் கட்டுரை எழுதியவர்கள், கணினி அறிவியலில் இன்றும் மதிக்கப்படும் வேலை அது. ஆனால் புள்ளிக் கோலத்தில் புள்ளி என்பது கோட்டுக்குத் துணை. கோலத்துக்கு நடு உண்டு, ஓரம் உண்டு, போட்டு முடிக்கிற இடம் உண்டு. இந்த டிசைனுக்கு நடுவும் இல்லை, ஓரமும் இல்லை. எங்கே தொடங்கினாலும் அதேதான். என் மனசுக்கு அது பின்னல் வேலை. கூடை, பாய், துணியில் போடும் கிராஸ் தையல், இவற்றின் சொந்தக்காரன்.

மெக்கின்டாஷின் சின்னங்களையும் டிசைன்களையும் வரைந்த சூசன் கேர் இந்த வழியாகத்தான் வந்தவர். 1983இல் ஆப்பிளில் சேர்ந்தபோது அவருக்குக் கணினியில் வரைந்த அனுபவம் இல்லை. கட்டம் போட்ட நோட்டை வாங்கி அதில் வரைந்து பழகினார். மொசைக், ஊசித் தையல் எல்லாம் முன்பே செய்தவர் என்பதால் புள்ளிகளால் யோசிப்பது அவருக்குப் புதிதாக இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். பின்னால் விண்டோஸ் 3.0இல் வந்த சாலிட்டேர் என்ற சீட்டு விளையாட்டின் சீட்டுகளையும் அவர்தான் வரைந்தார், ஆக உங்கள் கடையிலும் அவர் கைவேலை இருந்திருக்கிறது. அந்த டிசைன்களைத் திரையில் வேகமாக நிரப்பும் நிரலை எழுதியவர் பில் அட்கின்சன். 2025 ஜூனில் காலமானார். அந்தச் செய்தி வந்த அன்று நான் பழைய நோட்டைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

டிசைன் ஏன் போனது என்று கேட்டால், நினைவகம் மலிந்ததால் போனது. 640க்கு 480 திரைக்கு 256 நிறத்தில் ஒரு வால்பேப்பர் போட மூன்று லட்சம் பைட்டுக்கு மேல் வேண்டும். நாலு எம்பி மெஷினில் அது பெரிய செலவு, எட்டு பைட் டிசைன் செலவே இல்லை. நினைவகம் பெருகியதும் எல்லோரும் புல்வெளியும் அருவியும் போட்டுக்கொண்டார்கள். விண்டோஸ் எக்ஸ்பியில் பேட்டர்ன் பெட்டியையே எடுத்துவிட்டார்கள். அருவிப் படத்தைத் தேர்ந்தெடுக்கலாம், மாற்றலாம். அதில் உட்கார்ந்து புள்ளி வைக்க முடியாது. எனக்கு வருத்தம் இதில்தான்.

உங்கள் மகள் வயசு என்று சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. இருபது வயது மத்தியானம் யாருக்கும் திரும்பி வராது. ஆனால் நீங்கள் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பது கூடவே வந்த வைரத்தையோ துலிப் பூவையோ அல்லவே. மாங்காயைத்தான். அதை நீங்கள் செய்தீர்கள். அதன் ஒவ்வொரு புள்ளியும் எங்கே இருந்தது, ஏன் இருந்தது என்று ஒரு காலத்தில் உங்களுக்குத் தெரிந்திருந்தது. அவளும் ஒருமுறை செய்து பார்க்கட்டும், அப்புறம் பேசச் சொல்லுங்கள்.

செய்வது எளிது. பெயின்டில் எட்டுக்கு எட்டுப் புள்ளி அளவில் ஒரு படம் திறந்து, நன்றாகப் பெரிதாக்கிக்கொண்டு, கறுப்பில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். புள்ளிகளை அப்படியே வைத்துக்கொள்ளும் பிஎம்பி கோப்பாகச் சேமிக்க வேண்டும், ஜேபெக் கூடவே கூடாது. டெஸ்க்டாப் பின்னணியில் 'டைல்' என்று கொடுத்தால் திரை நிறையும். இன்றைய திரையில் புள்ளி மிகப் பொடியாகத் தெரிந்தால் இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ பெரிதாக்கலாம். ஒன்றரை மடங்கு ஆக்கினால் மறுபடியும் அழுக்குத் துணிதான்.

உங்கள் மாங்காயை நேற்று இரவு நோட்டில் வரைந்து பார்த்தேன். எனக்கு வந்தது இது: 16, 56, 124, 124, 124, 62, 24, 0. முதல் புள்ளி காம்பு. ஆறாவது வரிசையில், வலப்பக்கம் ஏழாவது கட்டத்தில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரே புள்ளிதான் கிளிமூக்கு. அதை எடுத்தால் 62 என்பது 60 ஆகும், மாங்காய் கொய்யா ஆகிவிடும். உங்கள் மாங்காயின் மூக்கு எந்தப் பக்கம் இருந்தது? இடப்பக்கம் என்றால் எண்களைத் திருத்தி எனக்கு எழுதுங்கள்.