கடைசிப் பக்கத்தைப் படியுங்கள்: தொழில் நூல்கள் பற்றிக் கேள்வி பதில்

வங்கியின் கடன் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் இருந்தேன். பகலில் கடன் கேட்டு வந்தவர்களின் ஐந்தொகையை (பேலன்ஸ் ஷீட்) படிப்பேன். இரவில் தொழிலதிபர்கள் எழுதிய நூல்களைப் படிப்பேன். இரண்டிலும் ஒரு பழக்கம் வந்தது: எழுதியவர் எதைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளியிருக்கிறார் என்று முதலில் பார்ப்பது. வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி, திருச்சி): முப்பது நூல்கள் படித்துவிட்டேன் ஐயா. ஒன்றும் மனதில் நிற்கவில்லையே?

முப்பதும் ஒரே நூலாக இருந்திருக்கும் அம்மா. அதிகாலையில் எழு, இலக்கை எழுதி வை, தோல்விக்கு அஞ்சாதே. அட்டை மட்டும்தான் மாறும். ஆறு மாதத்துக்கு அறிவுரை நூல்களை ஓரமாக வைத்துவிட்டு, ஒரே ஒரு நிறுவனத்தின் வரலாற்றை எடுத்துப் படியுங்கள். எவ்வளவு முதல் போட்டார்கள், யாரிடம் கடன் வாங்கினார்கள், எந்த ஆண்டில் கையைச் சுட்டுக்கொண்டார்கள்? இந்த மூன்றையும் சொல்லாத நூலை நூலக அலமாரியிலேயே விட்டுவிடலாம்.

கேள்வி (ஹார்டுவேர் கடைக்காரர், விருதுநகர்): அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் கடை திறந்தவரின் சுயசரிதை, என்னுடைய முந்நூறு சதுர அடிக் கடைக்கு எதற்கு?

வால்மார்ட்டை நிறுவிய சாம் வால்டனைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆயிரம் கடைகளின் கதை உங்களுக்கு வேண்டாம். அவருடைய முதல் கடையின் கதையை மட்டும் படியுங்கள்.

1945இல், 27 வயதில், ஆர்கன்சா மாநிலத்தின் நியூபோர்ட் என்ற சிற்றூரில் ஒரு கடையை வாங்கினார். கைப்பணம் 5,000 டாலர், மாமனாரிடம் வாங்கிய கடன் 20,000 டாலர். ஐந்து ஆண்டு உழைத்து அந்தக் கடைக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தார். வாடகை ஒப்பந்தம் முடிந்தது. கட்டட உரிமையாளர், "புதுப்பிக்க மாட்டேன், கடை என் மகனுக்கு வேண்டும்" என்று சொல்லிவிட்டார். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், காலம் முடிந்த பின் புதுப்பித்துக்கொள்ளும் உரிமை வால்டனுக்கு உண்டு என்ற வரியே இல்லை! சரக்கையும் கடையையும் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு ஊரைவிட்டே கிளம்ப வேண்டியதாயிற்று. அடுத்து பென்டன்வில்லில் கடை பிடித்தபோது, பக்கத்து முடிதிருத்தகத்தின் இடத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார். சூடு கண்ட பூனை.

இப்போது உங்கள் பீரோவைத் திறந்து அந்த 11 மாத ஒப்பந்தத்தை எடுங்கள். புதுப்பிக்கும் உரிமை யாருக்கு? வாடகை எவ்வளவு ஏறலாம்? இரும்பு அலமாரிக்கும் மின் இணைப்புக்கும் நீங்கள் போட்ட பணம் யாரைச் சேரும்? கடை பெயர் எடுத்த மறுமாதம் உரிமையாளரின் மைத்துனர் வந்து நிற்பதை என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அழுதவர்கள் வழியாக எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி (மென்பொருள் பணியாளர், சென்னை): பெஞ்சமின் கிரஹாம் எழுதிய பங்கு முதலீட்டு நூல் 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்' 1949இல் வந்தது. இன்னும் பயன்படுமா?

அதில் வரும் கம்பெனிகளில் பாதியின் பெயரே இன்று யாருக்கும் தெரியாது. அவற்றைத் தாண்டிப் போகலாம். 8, 20 ஆகிய இரண்டு அத்தியாயங்களைத்தான் கிரஹாமின் மாணவரான முதலீட்டாளர் வாரன் பஃபெட் தனியே எடுத்துச் சொல்கிறார். எட்டாவதில் சந்தையை ஒரு கூட்டாளியாக உருவகப்படுத்துகிறார் கிரஹாம். அவர் தினமும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு விலை சொல்வார். ஒருநாள் குதூகலத்தில் கூடுதலாக, மறுநாள் பீதியில் அடிமாட்டு விலையாக. வாங்குவதும் விற்பதும் உங்கள் விருப்பம். அவருடைய மனநிலை உங்களுக்குத் தொற்ற வேண்டியதில்லை. இருபதாவது அத்தியாயம், நம் கணிப்பு தவறினாலும் முதல் கரையாத அளவுக்கு விலையில் இடைவெளி விட்டு வாங்கச் சொல்கிறது. "ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை" என்று தொடங்கும் குறளைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

எனக்குப் பிடித்த இடம் பின்னுரை. கிரஹாமின் நிறுவனம் 1948இல் கெய்கோ என்ற காப்பீட்டுக் கம்பெனியின் பாதிப் பங்கை ஏறக்குறைய 7 லட்சம் டாலருக்கு வாங்கியது. இருபது ஆண்டுகளாகக் கணக்குப் போட்டுச் செய்த மற்ற எல்லா முதலீடுகளின் லாபத்தையும் கூட்டினாலும் அந்த ஒன்றின் லாபத்துக்கு ஈடாகவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். தம் நூல் முழுவதும் கற்பித்த ஒழுங்கைக் கடைசியில் தாமே கொஞ்சம் அசைத்துப் பார்க்கும் நேர்மை எத்தனை பேருக்கு வரும்?

கேள்வி (அரசு ஊழியர், மதுரை): 'ரிச் டேட் புவர் டேட்' படித்தேன். சொந்த வீடு சொத்தே இல்லையாமே? விற்றுவிடலாமா?

விற்காதீர்கள். கணக்கியலில் வீடு சொத்துதான். பையில் பணம் போடுவது மட்டுமே சொத்து என்பது அந்த நூலை எழுதிய ராபர்ட் கியோசாகி தம் வசதிக்கு வகுத்துக்கொண்ட விளக்கம். அதிலிருந்து ஒரு நல்ல கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: இந்த வீடு மாதம் எவ்வளவு தின்கிறது? தவணை, வரி, பழுது எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். பணத்தைப் பற்றி உலகுக்குச் சொன்னவரின் நிறுவனங்களில் ஒன்று, ஒரு வழக்கில் தோற்று ஏறக்குறைய 2 கோடியே 40 லட்சம் டாலர் கட்டச் சொல்லி உத்தரவானபின், 2012இல் திவால் மனு போட்டது. நூலின் அட்டையில் இது இருக்காது.

கேள்வி: பத்து நிமிட ஒலிச் சுருக்கங்கள் போதாதா?

நூலை வாங்கலாமா என்று முடிவு செய்யப் போதும்.

கேள்வி (வணிகவியல் ஆசிரியர், தஞ்சாவூர்): சிறந்த நிறுவனங்களை ஆராய்ந்து எழுதும் நூல்களைப் பாடமாக நடத்தலாமா?

நடத்துங்கள், ஆனால் பின்கதையோடு நடத்துங்கள். ஜிம் காலின்ஸின் 'குட் டு கிரேட்' 2001இல் வந்தது. மிகச் சிறந்தவை என்று 11 நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்தது. அவற்றில் மின்னணுப் பொருள் கடைகள் நடத்திய சர்க்யூட் சிட்டி 2008இல் திவாலானது. அதே ஆண்டு வீட்டுக்கடன் நிறுவனமான ஃபேனி மே அரசின் பொறுப்பில் போனது. வெல்ஸ் ஃபார்கோ வங்கி, வாடிக்கையாளர் கேட்காமலே அவர்கள் பெயரில் கணக்குகளைத் தொடங்கிய விவகாரம் 2016இல் வெடித்தது. ஜெயித்தவர்களை மட்டும் வரிசையாக நிறுத்தி அவர்களுக்குள் பொதுக்குணம் தேடினால் ஏதாவது ஒன்று அகப்படத்தான் செய்யும். அதே குணத்தோடு தோற்றவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் மாணவர்களைத் தேடச் சொல்லுங்கள். அதுதான் வீட்டுப்பாடம்.

கேள்வி (நூற்பாலை மேலாளர், கோவை): தலைமைப் பண்புக்கு ஒரே ஒரு நூல் சொல்லுங்கள்.

இன்டெல் நிறுவனத்தை நடத்திய ஆண்டி குரோவ் 1996இல் எழுதிய 'ஒன்லி தி பாரனாய்ட் சர்வைவ்'. அதில் ஒரு காட்சி. 1985. கணினி நினைவகச் சில்லுகளால் வளர்ந்த இன்டெல், ஜப்பானியர்களின் போட்டியில் திணறுகிறது. குரோவ் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துவிட்டு, நிறுவனர்களில் ஒருவரான கார்டன் மூரிடம் கேட்கிறார்: நம்மை நீக்கிவிட்டு வேறொருவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார்? நினைவகத் தொழிலை விட்டுவிடுவார் என்கிறார் மூர். அப்படியானால் நாமே வெளியே போய், திரும்பி உள்ளே வந்து, அதைச் செய்தால் என்ன என்கிறார் குரோவ். பலரும் இங்கே கைதட்டிவிட்டு நூலை மூடிவிடுவார்கள். ஆலைகள் மூடப்பட்டதும், ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்ததும், 1986இல் நிறுவனம் நட்டம் கண்டதும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

கேள்வி (ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர், தூத்துக்குடி): எல்லாம் வெள்ளைக்காரர் நூல்தானா?

உங்கள் ஊர்க்காரரையே சொல்கிறேன் அண்ணாச்சி. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். 10 லட்சம் ரூபாய் மூலதனம், பங்கு ஒன்று 25 ரூபாய். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல்கள் ஓடின. எதிரியான வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு ஆளுக்கொரு குடையும் கொடுத்தது. ஆழமான பெட்டி உள்ளவன் நட்டத்தைத் தாங்குவான், புதியவன் தாங்கமாட்டான் என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடநூலும் சொல்லவில்லை. 1908இல் சிறை, 1911இல் கம்பெனி கலைப்பு. ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் நூலை 'மனம் போல வாழ்வு' என்று தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். எண்ணம்போல வாழ்க்கை அமையும் என்று மொழிபெயர்த்தவர் தம் கப்பலை இழந்தவர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு அதைப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: இவ்வளவு படித்தவர் நீங்கள், ஏமாந்ததே இல்லையா?

1995இல் ஒரு புதிய கம்பெனியின் பங்குகள் வெளியாயின. பங்கு 10 ரூபாய் வீதம் 500 பங்குகளுக்கு விண்ணப்பித்தேன். கிரஹாமை அதற்கு முன்பே இரண்டு முறை படித்து முடித்திருந்தேன். விண்ணப்பப் படிவத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த இடர்ப் பட்டியலை, பகலில் ஊரார் ஐந்தொகையைத் துருவித் துருவிப் பார்த்த நான், படிக்கவே இல்லை. மூன்றாம் ஆண்டில் அந்த முகவரியில் கம்பெனியே இல்லை. பங்குப் பத்திரம் மட்டும் நல்ல கெட்டித் தாள். அதை நான்காக மடித்து, கிரஹாமின் இருபதாம் அத்தியாயத்தில் அடையாளத்துக்கு வைத்திருக்கிறேன்.