பேச ஆள் இல்லை, எங்கே போய் ஒட்டிக்கொள்வது? – கேள்வி பதில்

நீலகிரியில் பல வருடம் மனநல ஆலோசகராக இருந்தவன் என்பதால் இந்தத் தலைப்பை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கோத்தகிரி: சென்னையிலிருந்து வந்து வீட்டிலிருந்தே ஐடி வேலை பார்க்கிறேன். ஊர் அழகு, ஆனால் யாரையும் தெரியாது. என்னைப் போல யோசிக்கிறவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

அவர்களைத் தேடுவதை முதலில் நிறுத்துங்கள். ஒத்த ரசனையெல்லாம் பழகிய பிறகு வந்து சேரும், முதலில் வேண்டியது அதே ஆட்களின் கண்ணில் திரும்பத் திரும்பப் படுவதுதான். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் ஒன்றாகக் கழிக்க வேண்டியிருக்கிறது (அமெரிக்கக் கணக்கு, நம்மூர் கல்யாண வீட்டில் பாதி ஒரே வாரத்தில் முடிந்துவிடும்). மாதம் ஒருமுறை மலையேற்றம் போனால் இது எப்போது நிறையும்? அதே டீக்கடைக்கு அதே நேரத்தில் போங்கள், அப்புறம், உதவி கேளுங்கள். கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வைக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டில் பணத்தைக் கொடுங்கள். எல்லாவற்றையும் செயலியிலேயே முடித்துப் பழகியவர்களுக்குக் கேட்பதே கூச்சம். நீங்கள் கேட்டால்தான் நாளைக்கு அந்த வீட்டுப் பெண்ணின் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பித் தரச் சொல்லி உங்களிடம் வருவார்கள்.

கோவை (சொந்த ஊர் குன்னூர் பக்கம் ஒரு ஹட்டி, அதாவது படகர் கிராமம்): எங்கள் ஹெத்தை அம்மன் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவுக்கு மட்டும் ஊருக்குப் போகிறேன். எல்லாரும் அன்பாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் விருந்தாளி மாதிரி இருக்கிறது.

வெள்ளை உடுத்தி, போட்டோ எடுத்து, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் விருந்தாளிதானே தம்பி. அடுத்த தடவை ஒரு நாள் முன்னாலேயே போய், எனக்கு என்ன வேலை என்று பெரியவர்களிடம் கேளுங்கள். பாத்திரம் கழுவுகிற இடத்தில்தான் ஊர்க்கதை பாதி கிடைக்கும். சாவு வீட்டுக்கும் போங்கள். படகர்களுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கூடலூர்: தாத்தா இலங்கையிலிருந்து வந்தவர். நான் பிறந்தது இங்கேதான், இன்னும் 'சிலோன்காரங்க' என்கிறார்கள். எனக்கு எது ஊர்?

1964 ஒப்பந்தத்தில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று கையெழுத்துப் போட்டபோது, அங்கே தேயிலை பறித்துக்கொண்டிருந்த உங்கள் தாத்தா போன்றவர்களை யாரும் உட்காரவைத்துக் கேட்கவில்லை. அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழ்நாடு அரசு டேன்டீ என்ற தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. காட்டைத் திருத்தித் தோட்டமாக்கிய கைகள் அவர்களுடையவை, அதனால் யாரோ ஒருவர் சான்று கொடுத்தால்தான் ஊர் என்று காத்திருக்காதீர்கள். ஒன்று செய்யலாம்: லயன் வீடுகளில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இருக்கும் பெரியவர்கள் பேசுவதைப் போனில் பதிவு செய்யுங்கள். எந்தத் தோட்டம், எந்தக் கப்பல், வந்து இறங்கியதும் தங்கவைத்த மண்டபம் முகாமில் என்ன சாப்பாடு, எல்லாம். அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது.

குன்னூர்: சாதி மாறிச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்துகொண்டோம், இரண்டு வீட்டிலும் சேர்க்கவில்லை. தனிமனித சுதந்திரம்தான் தப்பு என்பீர்களா?

மாட்டேன். அந்தச் சுதந்திரம் இல்லையென்றால் உங்கள் கல்யாணமே நடந்திருக்காது. ஊரே கூடி வாழ்ந்த காலம் என்று உருகுகிறவர்கள், அந்த ஊரில் யார் எங்கே உட்கார முடிந்தது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். அந்தச் சட்டத்தில் மூன்று சாட்சிகள் வேண்டும், இல்லையா? வம்பு வரும் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்ட அந்த மூன்று பேரைப் பொங்கலுக்குக் கூப்பிடுங்கள், வருடா வருடம் கூப்பிடுங்கள். உங்கள் பிள்ளைக்கு மாமா, அத்தை அவர்கள்தான்.

கொடைக்கானல்: முதலில் தியானம் செய்து என்னை முழுமையாக்கிக்கொண்டு, பிறகு மனிதர்களிடம் போகலாம் என்றிருக்கிறேன்.

தியானம் நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் தனியறையில் முழுமையாகி வெளியே வந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. நம்முடைய பொறாமையும் முன்கோபமும் நமக்கே தெரியவருவது நாலு பேரோடு ஒரு வேலையில் இறங்கும்போதுதான்.

பெயர் வேண்டாம் என்றவர்: தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரையும் பார்க்கவே பிடிக்கவில்லை.

உங்களுக்கு மேலே சொன்ன எதுவும் இப்போது வேண்டாம். இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். அதற்குள்ளேயே தாங்க முடியவில்லை என்றால் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

ஊட்டி: ஓய்வு பெற்றாயிற்று, பிள்ளைகள் வெளிநாட்டில். நடைப்பயிற்சிக் குழுவா, பஜனைக் குழுவா?

பஜனை சார். நடைக்காரர்கள் ஜூன் மழை பிடித்தால் ஆகஸ்ட் வரை காணாமல் போவார்கள்.