காய்ச்சல் இல்லை, புண் இல்லை, அழற்சி மட்டும் எப்படி?

கேள்வி: வயது 41, எடை 96 கிலோ. ரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி. (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் புரதம்) 6 என்று வந்தது. காய்ச்சலோ புண்ணோ இல்லை. "எல்லாம் தொப்பைக் கொழுப்பின் வேலை, அங்கே வெள்ளையணுக்கள் கூடிவிட்டன" என்கிறார் எங்கள் மருத்துவர். நோயைத் தடுக்கும் அணுக்கள் எப்படிக் கெடுதல் செய்யும்? எதிர்ப்புச் சக்தி மாத்திரை சாப்பிடலாமா?

பதில்: மாத்திரை வேண்டாம். உங்கள் எதிர்ப்புச் சக்தி குறையவில்லை. ஓயாமல் உழைத்துக்கொண்டிருக்கிறது, அதுதான் தொல்லை.

எடை ஏற ஏறக் கொழுப்பணுக்கள் உப்புகின்றன. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பருத்துவிட்டால், ரத்தக் குழாயிலிருந்து ஆக்சிஜன் எட்டுவதே சிரமம். சில அணுக்கள் செத்துப்போகும். மிஞ்சிய எண்ணெயை அள்ள மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் வெள்ளையணுக்கள் வருகின்றன. ஆனால் கொழுப்பணு அவற்றைவிடப் பல மடங்கு பெரிது. ஒரே வாயில் விழுங்க முடியாது. ஆகவே சுற்றி நின்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் செத்த அணுவுக்குக் கிரீடம் வைத்ததுபோல இருக்கும். ஒல்லியானவரின் கொழுப்புத் திசுவில் மேக்ரோபேஜ்கள் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. உடல் பருமனில் நாற்பதை நெருங்கலாம். இது தெரியவந்ததே 2003-இல்தான்.

வேலை செய்யும்போது இவை டி.என்.எஃப்., ஐ.எல்.-6 போன்ற, அழற்சியைத் தூண்டும் ரசாயனங்களைச் சுரக்கின்றன. டி.என்.எஃப். பக்கத்து அணுக்களில் இன்சுலினின் சொல் எடுபடாமல் செய்கிறது. சர்க்கரை நோய்க்கு இது ஒரு வழி. ஐ.எல்.-6 கல்லீரலுக்குப் போய் சி.ஆர்.பி.-யைச் சுரக்கவைக்கிறது. உங்கள் 6 பெரும்பாலும் அப்படி வந்ததாகவே இருக்கும். தோலுக்கடியில் உள்ள கொழுப்பைவிட வயிற்றுக்குள் குடலைச் சுற்றியிருக்கும் கொழுப்பில்தான் இந்தக் கூட்டம் அதிகம்.

டி.என்.எஃப்.-ஐத் தடுத்தால் போதாதா என்று தோன்றும். எலிகளில் பலித்தது, சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்தபோது எதிர்பார்த்த பலன் இல்லை. உடம்பு அவ்வளவு எளிய கணக்கு இல்லை.

எல்லாப் பழியையும் தொப்பைமேல் போட்டுவிடவும் வேண்டாம். சமீபத்திய சளி, ஈறு வீக்கம், புகைப்பழக்கம் இவையும் சி.ஆர்.பி.-யை ஏற்றும். இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். 10-ஐத் தாண்டியே நின்றால் வேறு காரணம் தேட வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) இரண்டையும் கூடவே எடுத்துவிடுங்கள்.

முதல் இலக்காக 5 முதல் 7 கிலோ குறைத்தால் போதும். நடையும் உணவு அளவும்தான் வழி. ஒரு விஷயம்: எடை குறையத் தொடங்கும்போது கொழுப்பு கரைந்து வெளியேறுவதால், முதலில் மேக்ரோபேஜ்கள் இன்னும் கூடுவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். அதனால் ஒரே மாதத்தில் சி.ஆர்.பி. எடுத்துப் பார்த்து, இறங்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். மூன்று மாதம் கழித்து எடுங்கள்.