சாமி இல்லாத தீட்சை

அன்புள்ள ஐயா,

என் அக்கா மூன்று நாள் ஆளுமைப் பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் போய்வந்தாள். பல வருடங்களாக அப்பாவோடு பேசாமல் இருந்தவள், வந்த அன்றிரவே அவரை ஃபோனில் கூப்பிட்டு அழுதாள். இப்போது அடுத்த நிலைக்குப் பணம் கட்டிவிட்டு, அறிமுகக் கூட்டத்துக்கு வரச்சொல்லி என்னை நச்சரிக்கிறாள். “சாமியா, பூஜையா? இதில் மதமே இல்லை” என்கிறாள். இவை புதிய மத இயக்கங்கள்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சிலவற்றை அப்படிச் சொல்லலாம் என்றே நினைக்கிறேன். சாமி இல்லை என்பது ஒரு காரணமே ஆகாது. சமணத்தில் படைத்தவன் இல்லை, அதை மதம் என்றுதானே சொல்கிறோம்?

இவ்வகைப் பயிற்சிகளின் முன்னோடிகளில் ஒன்று, வெர்னர் எர்ஹார்ட் 1971இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய ‘எஸ்ட்’. கார் விற்றவர், புத்தக விற்பனையாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், ஜென் பௌத்தத்தையும் சயன்டாலஜி என்ற அமெரிக்க இயக்கத்தையும் தொட்டுவந்தவர். ஓட்டல் ஹாலில் இருநூறு பேருக்குமேல் உட்காருவார்கள். இரண்டு வார இறுதிகள், ஏறக்குறைய 60 மணி நேரம். கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட வேண்டியிருந்தது. இடைவேளை விடும்வரை கழிப்பறைக்குக்கூடப் போக முடியவில்லை. பயிற்சியாளர் முகத்துக்கு நேராகத் திட்டுவார். ஒருவர் எழுந்து மைக்கைப் பிடித்துத் தன் அந்தரங்கத்தைக் கொட்டி முடித்ததும் மொத்தக் கூட்டமும் கைதட்டும். கடைசி நாளில் ‘அது கிடைத்துவிட்டது’ என்று வெளியே வருவார்கள். உடலை வருத்துவது, பாவத்தை அறிக்கையிடுவது, புது ஆளாக எழுவது: எனக்கு இது தீட்சையாகத்தான் தெரிகிறது. சமூகவியலாளர் ராய் வாலிஸ் 1984இல் புதிய மதங்களை வகைபிரித்தபோது, உலகைத் துறக்கச் சொல்லாமல் அதில் ஜெயிக்கும் சக்தி உனக்குள் இருக்கிறது என்று சொல்லும் வகையில் எஸ்டை வைத்தார்.

நடத்துகிறவர்கள் சொல்வதை வைத்து மட்டும் முடிவுகட்ட முடியாது. மகரிஷி மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியானம் 1970களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி அரசுப் பள்ளிகளுக்குள் அறிவியல் என்ற பெயரில்தான் நுழைந்தது. ஆனால் மந்திரம் வாங்க ஒவ்வொரு மாணவரும் பழம், பூ, ஒரு வெள்ளைக் கைக்குட்டை கொண்டுபோக வேண்டும். மகரிஷியின் குருவான குருதேவர் படத்தின் முன்னால் ஆசிரியர் சமஸ்கிருதத்தில் பாடுவார். நம்மூர்ப் பாட்டி யாரும் பார்த்த மாத்திரத்தில் பூஜை என்று சொல்லிவிடுவார். நீதிமன்றம் 1977இல் மதம்தான் என்றது, 1979இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. சயன்டாலஜி போனது எதிர்த்திசையில். 1950இல் மனச்சிகிச்சைப் புத்தகமாக வந்தது, சில ஆண்டுகளில் சர்ச் ஆனது, 1993இல் அமெரிக்காவில் வரிவிலக்கும் பெற்றது.

ஆனால் எஸ்., மதம் என்று சொல்வது குற்றச்சாட்டு இல்லை. உங்கள் அக்கா அப்பாவோடு பேசியது நிஜம், அந்த அழுகையும் நிஜம். தயவுசெய்து அதைக் கேலி செய்துவிடாதீர்கள். என்னைக் கவலைப்பட வைப்பது அதற்கு அப்புறம் நடப்பது. எஸ்டில் பயிற்சி முடித்தவர்கள் விருந்தினர் கூட்டங்களுக்கு நண்பர்களை அழைத்துவந்தார்கள், சம்பளமில்லாமல் வேலை செய்தார்கள். ஆள் சேர்ப்பதே தன் வளர்ச்சி என்று ஒருவர் நம்ப ஆரம்பித்தால், வர மறுக்கும் தங்கை வளர மறுப்பவளாகத் தெரிய ஆரம்பிப்பாள்.

அறிமுகக் கூட்டத்துக்குப் போக உங்களுக்கு விருப்பமில்லை என்றால் வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். அதே வாரம் அக்காவை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள், அப்பாவையும் சேர்த்து. வகுப்பைப் பற்றி அக்காவே பேசட்டும், குறுக்கிடாமல் கேளுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.