கட்சியில்லாத அந்த அக்காவுக்கு நான் ஏன் முன்மொழிந்தேன்

கேள்வி இது: “எங்கள் மாநகராட்சி வார்டில் கட்சி சாராத ஒருவர் நிற்கப்போவதாகச் சொல்கிறார். ஊருக்குப் புதியவர், பார்க்கவும் வழக்கமான வேட்பாளர் மாதிரி இல்லை. ரோடு, சாக்கடை என்று பேசாமல் போலீஸ், கைது, உரிமை என்று பேசுகிறார். ஆதரிக்கலாமா, ஓட்டு வீணாகிவிடுமா?”

தாராளமாக ஆதரியுங்கள். நீங்கள் இதைக் கேட்பதைப் பார்த்தால் அவரை உங்களுக்குப் பிடித்திருக்கிறது, வீட்டிலோ தெருவிலோ யாரோ “அதெல்லாம் எடுபடாது” என்று சொல்லிவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. எனக்கும் அதையேதான் சொன்னார்கள். 2022 பிப்ரவரி மதுரை மாநகராட்சித் தேர்தலில் அப்படி ஒருவருடைய வேட்புமனுவில் முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவன் நான்.

அவர் ஒரு திருநங்கை. சேலம் பக்கத்துக்காரர். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பார். என் அம்மாவின் முதியோர் உதவித்தொகை திடீரென்று நின்றபோது மனு எழுதித் தந்தவர் அவர்தான். அப்படித்தான் பழக்கம். பெயர் வேண்டாம், அக்கா என்றே எழுதுகிறேன்.

2021இல் ஒருநாள் என் கூடப்பிறந்த அக்காவின் மகன் ராத்திரி வேலை முடிந்து வண்டியில் வந்தவனை, ஏதோ செல்போன் பறிப்பு வழக்கு என்று பிடித்துப் போய்விட்டார்கள். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் என் அக்காவுக்கு ஒரு போன்: “உன் மகன் இங்கதான் இருக்கான், நீ கிளம்பி வா.” அவ்வளவுதான். எங்கள் பகுதியில் செல்வாக்கான ஒரு கட்சிக்காரரைக் கூப்பிட்டேன். “காலையில பார்த்துக்கலாம், கொஞ்சம் செலவாகும்” என்றார். செலவு பெரிதில்லை, காலை வரைக்கும் பையன் உள்ளே இருக்க வேண்டுமே. அப்போதுதான் மனு எழுதும் அக்கா ஞாபகத்துக்கு வந்தார். போன் போட்டதும் தன் எக்ஸெல் வண்டியில் வந்துவிட்டார்.

முதலில் அவர் சொன்னது, “தம்பி, உங்க அக்கா உள்ளே வர வேண்டாம். விசாரணைக்குன்னு பொம்பளைங்களை ஸ்டேஷனுக்குக் கூப்பிடக் கூடாது, வீட்டுக்குத்தான் வரணும்.” அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 160ஆவது பிரிவு அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். நாங்கள் இரண்டு பேர் மட்டும் உள்ளே போனோம். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல், அதில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கைது பற்றிச் சொன்ன விதிகளின் தமிழ் நகல். குரலை உயர்த்தவே இல்லை.

“சார், எத்தனை மணிக்குக் கூட்டிட்டு வந்தீங்கன்னு கைதுக் குறிப்பு எழுதியிருக்குங்களா? அதுல குடும்பத்துல ஒருத்தர், இல்லைன்னா அந்தப் பகுதிப் பெரியவர் ஒருத்தர் கையெழுத்து இருக்கணுமே.”

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவர் சொன்ன வார்த்தையை நான் இங்கே எழுத மாட்டேன். அக்கா அது காதில் விழாதவர் போல அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். கைது என்றால் குறிப்பு எங்கே, கைது இல்லை என்றால் பையன் ஏன் இங்கே, இந்த இரண்டையும்தான் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். விடியும் முன்பு பையனை விட்டார்கள். வழக்கும் இல்லை, ஒரு தாளும் இல்லை. வெளியே வந்தவனுக்குச் செருப்புக்குள் கால் நுழையவில்லை. இரண்டு உள்ளங்காலும் அவ்வளவு வீங்கியிருந்தன. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே வண்டியில் ஏறினான்.

போலீஸ்காரர்கள் எல்லாரும் அப்படி என்று நான் சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டு அந்த அர்த்தத்தில் சண்டைக்கு வராதீர்கள். என் சித்தப்பா மகனே காக்கிச்சட்டைதான். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துப்போன ஜெயராஜும் பென்னிக்ஸும் செத்தபோது ஸ்டேஷனில் நடந்ததை நீதித்துறை நடுவரிடம் துணிந்து சொன்னதும் அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர்தானே. ஆனால் ஊரடங்கு நேரம் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்ற புகாரில் ஆரம்பித்தது அப்பா, மகன் இரண்டு உயிர் போவதில் முடிந்தது. 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார், நகை காணோம் என்ற புகார், போலீஸ் விசாரணையில் உயிர் போனது, இளம் வயதுப் பையன். மடப்புரம் எங்களுக்குப் பக்கத்து ஊர், வெள்ளிக்கிழமை தோறும் மதுரையிலிருந்து பஸ் ஏறிப் போகிற கோயில். அந்தச் செய்தியைப் படித்த அன்று என் அக்கா சாப்பிடவில்லை.

சரி, தேர்தலுக்கு வருகிறேன். அக்கா அடித்த நோட்டீஸில் ரோடு பற்றி ஒரே ஒரு வரிதான். மீதி முழுக்க, உங்கள் வீட்டுப் பிள்ளையை அழைத்துப் போனால் என்ன கேட்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன்னால் நிறுத்த வேண்டும், தள்ளுவண்டிக்காரரை அப்புறப்படுத்தும் முன் 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நோட்டீஸ் தர வேண்டும், இப்படித்தான் இருந்தது. பல வீடுகளில் அதை பீரோ கதவில் ஒட்டி வைத்தார்கள், ஓட்டுப் போடாதவர்கள் உட்பட.

“கவுன்சிலருக்கும் போலீசுக்கும் என்ன சம்பந்தம்?” என்று இங்கேயும் சிலர் கேட்பீர்கள். சட்டப்படி கவுன்சிலருக்கு ஸ்டேஷன் மேல் எந்த அதிகாரமும் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் ராத்திரி நேரத்தில் பையனைப் பிடித்துப் போனால் நம் ஜனம் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறது? கவுன்சிலர் வீட்டைத்தான். அந்தக் கதவைத் திறக்கிறவர் ரேட் பேசுகிறவரா, கைதுக் குறிப்பு எங்கே என்று கேட்கிறவரா என்பது எங்களைப் போன்ற குடும்பத்துக்கு ரோட்டை விடப் பெரிய விஷயம். தள்ளுவண்டி விவகாரமோ நேராகவே மாநகராட்சி கையில் இருக்கிறது.

திருநங்கை என்பதற்காக ஆதரித்தேன் என்றும் சிலர் சொன்னார்கள். அதற்காக இல்லை. அதே தேர்தலில் வேலூர் 37ஆவது வார்டில் திருநங்கை கங்கா ஜெயித்தார், ரொம்ப சந்தோஷம். ஆனால் அவர் நின்றது அப்போதைய ஆளுங்கட்சியான தி.மு.க. சின்னத்தில். எங்கள் அக்காவுக்குப் பிப்ரவரி 7ஆம் தேதிதான் சின்னமே கிடைத்தது, ஓட்டுப்பதிவு 19ஆம் தேதி. பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய சின்னங்களுக்கு நடுவே ஒரு புதுச் சின்னத்தைப் பன்னிரண்டு நாளில் பாட்டிமார் மனதில் பதிய வைக்க வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள். சுயேச்சைகள் தோற்பதற்குக் கொள்கையை விட இதுதான் பெரிய காரணம் என்பது என் கருத்து.

ரோடு, சாக்கடைதான் முக்கியம் என்கிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை மதுரையில் கவுன்சிலரே இல்லை, அதிகாரிகள் ஆட்சிதான். அப்புறம் கட்சிக் கவுன்சிலர்கள் வந்தார்கள். சாக்கடை சரியாகிவிட்டதா? வைகை வடகரையில் இருக்கிறவன் நான். 2024 அக்டோபர் மழையில் செல்லூர் கண்மாய்த் தண்ணீர் தெருத்தெருவாகப் புகுந்து ஜனம் பட்ட பாடு ஊருக்கே தெரியும். அடுத்த வருஷம் முதலமைச்சர் அந்த வழியாக வருகிறார் என்று அந்தக் கண்மாய்த் தண்ணீர் போகிற பந்தல்குடி வாய்க்காலின் அழுக்கு தெரியாமல் துணி கட்டி மறைத்தார்கள். அந்தத் துணிக்குச் செலவழித்த காசில் கொஞ்சம் ஆகாயத்தாமரையையாவது அள்ளியிருக்கலாம். இன்னும் எனக்கு ஆறவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

அக்கா தோற்றார். பதிவான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு கிடைக்காததால் கட்டிய டெபாசிட்டும் போனது. வாக்கு எண்ணும் இடத்தில் நான் கூட இருந்தேன். ஜெயித்தவருக்குக் கைகொடுத்துவிட்டு, “அண்ணே, ராத்திரி யாராவது வந்தா என்னைக் கூப்பிடுங்க, கூட வர்றேன்” என்றார். அந்தக் கவுன்சிலரும் அதற்குப் பிறகு அவரை அழைத்திருக்கிறார், நான் அறிந்து இரண்டு குடும்பங்களுக்காக. என் ஓட்டு வீணானது என்று யாராவது சொன்னால் அந்த இரண்டு வீட்டு விலாசத்தைத்தான் காட்டத் தோன்றுகிறது.

உங்கள் வேட்பாளர் நிஜமாகவே நிற்கப்போகிறார் என்றால் ஓட்டோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். முன்மொழிய உங்கள் வார்டு வாக்காளர் ஒருவர் வேண்டும், பயந்துகொண்டு பலர் பின்வாங்குவார்கள், நீங்கள் போடுங்கள் கையெழுத்தை. ஓட்டுப்பதிவன்று பூத்தில் ஏஜென்டாக உட்கார ஆள் தேடித் தாருங்கள். சின்னம் கிடைத்த அன்றைக்கே தெருவில் இறங்கிவிடுங்கள். இப்போதைய மாமன்றத்தின் ஐந்து வருஷம் 2027 மார்ச்சில் முடிகிறது. அக்கா நிற்பாரா என்று இன்னும் சொல்லவில்லை. நின்றால் முன்மொழிபவர் பெயர் என்னுடையதாகத்தான் இருக்கும்.